படுதாதி

முனிசாமி ஏன் படுத்தான் என்பதுதான் பச்சையம்மாளுக்கு விளங்கவில்லை. கல் உருண்டது விளங்கியது. மலையை வெட்டிப் பாதை போடுகிற இடத்தில் கல் உருளத்தான் செய்யும். ஆனால் கல் வருவதைப் பார்த்த மனிதன் ஓடுவான். ஓட வழியில்லாவிட்டால் ஒதுங்குவான். பட்டப்பகலில், மேலே நின்று மேஸ்திரி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போது, பாதையின் நடுவில் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொண்டு கிடப்பானா?

அப்படித்தான் கிடந்தான் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

யுத்த காலம் அது. அலிபிரிக்கு மேலே திருமலைக்கு மோட்டார் போக வழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். திருவண்ணாமலைக்கு மேற்கே, செங்கத்துப் பக்கம் மழை தவறிப் போயிருந்தது. கண்ட்ராக்டரின் ஏஜெண்டு அங்கே போய் முன்பணம் கொடுத்து, புருஷன் பெண்டாட்டியாக ஆட்களைச் சேர்த்து, காட்பாடி வழியாக ரயிலேற்றிக் கொண்டுவந்தான். வந்தவர்களில் ஒருவருக்கும் தெலுங்கு தெரியாது. அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. கடப்பாரை பிடிக்கப் பாஷை எதற்கு?

மலைப்பாதை வெட்டும் விதம் இதுதான். சரிவில் ஒரு படியைச் செதுக்குவார்கள். அந்தப் படியின் உட்பக்கம் செங்குத்தான மலைச்சுவர், வெளிப்பக்கம் பள்ளம், நடுவில் இருப்பது பாதை. சுவருக்கு மேலே ஒரு கூட்டம் பாறைகளை நெம்பித் தள்ளும். பாதையில் ஒரு கூட்டம் கல்லையும் மண்ணையும் அப்புறப்படுத்தும். மேலே நெம்பும்போது கீழே, அதே நேர்க்கோட்டில், ஆள் நிற்கக் கூடாது என்பது இந்த வேலையின் முதல் விதி. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று ஏஜெண்டு அந்த விதியைத்தான் முதலில் கைவிட்டான். மேலே கங்கையா மேஸ்திரியின் ஆட்கள், எல்லோரும் ரேணிகுண்டா பக்கத்துத் தெலுங்கர்கள். செங்கத்து ஆட்கள் வேறு வளைவில் இருந்தார்கள். கடப்பாரை நன்றாகப் பிடிப்பான் என்று முனிசாமியை மட்டும் பிரித்துக் கங்கையாவின் வளைவுக்குக் கீழே போட்டிருந்தார்கள். பச்சையம்மாள் அன்று அடிவாரத்தில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள்.

செத்த புருஷனுக்கு நஷ்டஈடு கேட்டு அவள் போனபோது ஏஜெண்டு வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் பேசினான்.

"வேலையில படுத்துத் தூங்கனவனுக்கு நஷ்டஈடா? அது உன் ஊட்டுக்காரன் குத்தம். அவன் வாங்கன முன்பணம் வேற நிக்குது. அத நீதான் கழிக்கணும், தெரிஞ்சிக்க."

"அவரு பகல்ல பாயத் தொட்டது கெடயாதுங்க. ஜொரம் வந்தாக்கூட ஒக்காந்துக்கினுதான் இருப்பாரு."

"அப்ப எதுக்குப் படுத்தான்? கல்லு தாலாட்டுச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவளுக்கு ஒரு பதில் தெரியும். செங்கத்துப் பக்கம் கிணறு என்றால் பாறைக் கிணறு. வெடி வைத்துத்தான் இறக்க வேண்டும். திரியைக் கொளுத்தினவன் மேலே ஏறி ஓடி வந்து, "படு!" என்று ஒரே ஒரு சொல் கத்துவான். கிணற்றைச் சுற்றி இருப்பவர்கள் அப்படியே குப்புற விழுந்து பிடரியில் கையைக் கோத்துக்கொள்வார்கள். வெடியில் கல் கிணற்று வாயிலிருந்து மேல்நோக்கி விசிறிக்கொண்டு கிளம்பும். நிற்கிறவன் மார்பில் அடிக்கும். தரையோடு ஒட்டியவனைத் தாண்டிப் போய்விடும். முனிசாமி மீசை முளைக்குமுன்பே அந்த வேலைக்குப் போனவன். சொல் காதில் விழுந்தால் அவன் யோசிப்பதற்கு முன்பே உடம்பு படுத்துவிடும்.

அதையும் சொல்லிப் பார்த்தாள்.

"அன்னிக்கி அந்த வளைவுல வெடியே வெக்கலியேம்மா" என்றான் ஏஜெண்டு.

அது உண்மை. குடிசை வரிசையில் அவளுக்குத் 'தூங்குமூஞ்சி பெண்டாட்டி' என்று பெயர் வந்துவிட்டது. சொந்த ஊர்க்காரர்களே அப்படிச் சொன்னார்கள். ரயிலேறி அது ஊருக்கும் போய்ச் சேரும்.

கங்கையா மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. வேலை விட்டு வரும்போது குடிசை வாசலில் நிற்பார். மடியிலிருந்து கொஞ்சம் வேர்க்கடலையை எடுத்து முறத்தில் வைப்பார். தெலுங்கில் ஏதோ சொல்வார், "செல்லெம்மா" என்பார், போய்விடுவார்.

"எம் பேரு செல்லம்மா இல்லீங்க மேஸ்திரி, பச்சயம்மா" என்று அவள் ஒவ்வொரு தடவையும் சொல்வாள். மறுநாளும் அவர் "செல்லெம்மா" என்றே கூப்பிடுவார்.

ஒரு காலையில் மழை பிடித்துக்கொண்டு வேலை நின்றது. ஆஜர் போடுகிற ஏசுரத்தினம் குடையோடு குடிசைகளுக்கு வந்தார். சித்தூர் மிஷன் சபையைச் சேர்ந்த தமிழர் அவர். இரண்டு பாஷையும் அவருக்குத் தாய்ப்பாஷை மாதிரி. செங்கத்து ஆட்களை நாளை மறுநாள் முதல் கங்கையாவின் வளைவுக்குக் கீழே இறக்கப் போகிறார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் குடிசையிலிருந்து கங்கையாவின் மனைவி வரலட்சுமி கூச்சல் போட்டாள். அவளுடைய சின்னப் பெண் ஈரக் கற்குவியலின் மேல் ஏறி நின்று ஆடிக்கொண்டிருந்தது.

"படுதாதி! ஐயோ, படுதாதி!"

பல நாளைக்குப் பிறகு பச்சையம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. "நல்லா இருக்குது போ! கல்லு மேல நிக்கற கொழந்தய எறங்குன்னு சொல்லுவியா, படுன்னு சொல்லுவியா? அது இன்னா மெத்தையா?"

வரலட்சுமிக்குப் புரியவில்லை. அவளும் சிரித்துக்கொண்டே ஓடிக் குழந்தையை இறக்கினாள்.

"படுக்கச் சொல்லலம்மா அவ" என்றார் ஏசுரத்தினம். "உழுந்துடும் உழுந்துடும்ங்கறா. தெலுங்குல படறதுன்னா உழறது. நம்ம படுக்கறத அவங்க பண்டுகோன்னு சொல்லுவாங்க. தூங்கறதுக்கும் அதேதான்."

பச்சையம்மாளின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஐயா, அன்னிக்கி மேஸ்திரி மேல நின்னுக்கினு என்னா சொல்லிக் கத்துனாரு?"

ஏசுரத்தினம் கங்கையாவின் குடிசையைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பாஷையும் தெரிந்தவர் காதில் இரண்டு சொல்லும் தனித்தனி வழியாகப் போய்விடும்; மோதிக்கொள்ளாது. இத்தனை நாள் அவருக்கு அது தோன்றவே இல்லை.

கங்கையா குடிசைக்குள் படல் கட்டிக்கொண்டிருந்தார். ஏசுரத்தினம் கேட்டார். கங்கையா நிமிராமலே சொன்னார்: "ராயி படுதாதி, ராயி படுதாதி அனி அரிஸ்தினி."

கல் விழுகிறது, கல் விழுகிறது என்றுதான் கத்தினார். பகலில் காற்று பள்ளத்திலிருந்து மலையேறி வீசும். மேலே கத்துகிற சொல்லில் ஏதோ ஒரு துண்டுதான் அந்தக் காற்றைத் தாண்டிக் கீழே வரும். அன்று வந்த துண்டு எது என்று மூவருக்கும் ஒரே நேரத்தில் தெரியவில்லை. பச்சையம்மாளுக்குத்தான் முதலில் தெரிந்தது.

அவள் ஈர மண்ணில் குப்புறப் படுத்தாள். பிடரியில் கைகளைக் கோத்தாள். "இப்பிடியா கெடந்தாரு?" என்று மண்ணைப் பார்த்தபடியே கேட்டாள்.

கங்கையா தலையசைத்தார். தெலுங்கில் வேகமாகச் சொன்னார், ஏசுரத்தினம் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்: "என்ன நிமுந்து பாத்தான். ஓடுவான்னு நெனச்சேன். படுத்துட்டான். இன்னும் பெருசாக் கத்தனேன். கத்தக் கத்த மண்ணோட ஒட்டிக்கினான்."

ஏசுரத்தினம் தமிழில் 'படு' என்றால் என்ன என்பதை அவருக்குச் சொன்னார். கங்கையாவின் கையிலிருந்து கயிறு நழுவியது.

"நேனே பண்டுகோமன்னானா?" என்றார். நானேவா படுக்கச் சொன்னேன்?

ஏசுரத்தினம் அதைப் பச்சையம்மாளுக்குத் தமிழில் சொன்னார். பச்சையம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். நெற்றியில் மண் ஒட்டியிருந்தது.

"நீங்க காப்பாத்தத்தான் கத்துனீங்க, மேஸ்திரி. அவரும் பொழைக்கத்தான் படுத்தாரு."

கங்கையா "செல்லெம்மா" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டார்.

"இன்னும் எம் பேரு வரலியே இவருக்கு" என்றாள் அவள், அழுகைக்கு நடுவில்.

"பேரு இல்லம்மா அது" என்றார் ஏசுரத்தினம். "தங்கச்சின்னு கூப்புடறாரு."

மூன்று பேரும் ஏஜெண்டிடம் போனார்கள். அவன் முழுவதும் கேட்டுக்கொண்டான். "வெவகாரம் நல்லாத்தான் இருக்குது. ஒரு வார்த்த தப்பாப் போனதுக்குக் கண்ட்ராக்டர் என்னா பண்ணுவாரு? மேஸ்திரி அன்னிக்கே பண்டுகுன்னாடுன்னு சொன்னாரு, தூங்கனான்னு முடிஞ்சிபோச்சி" என்றான். படுத்தான் என்று கங்கையா சொன்ன சொல்லுக்குத் தெலுங்கில் தூங்கினான் என்றும் அர்த்தம்; ஏஜெண்டு அதைத்தான் பிடித்துக்கொண்டான். கீழே ஆள் இல்லாமல் மேலே வேலை செய்யலாமே என்று ஏசுரத்தினம் கேட்டதற்கு, "நீ ஆஜர் போடற வேலய மட்டும் பாரு" என்றான். முனிசாமி தூங்கினவனாகவே நின்றான்.

திரும்பி வரும்போது பச்சையம்மாள் அழவில்லை. "நாளன்னிக்கி எங்க ஊரு ஆளுங்க அங்க எறங்கறாங்க" என்றாள். "அவங்களும் படுப்பாங்க."

தெலுங்குச் சொல்லைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். செங்கத்து ஆட்கள் தலையாட்டினார்கள். மறைவில் நின்று கங்கையா திடீரென்று "படுதாதி!" என்று கத்தியபோது பாதிப்பேர் தரையில் கிடந்தார்கள். தமிழில் "ஓடு" என்று கத்தலாம் என்றார் ஒருவர். மேலே இருப்பவர்களுக்குப் பதற்றத்தில் சொந்தப் பாஷைதான் வரும். தவிர, ஓடினால் எங்கே ஓடுவது? வெளிப்பக்கம் பள்ளம்.

எங்கே நின்றால் பிழைக்கலாம் என்பதைக் கங்கையாதான் காட்டினார். கீழே யாரும் இல்லாத நேரம் பார்த்து மேலிருந்து கற்களை உருட்டிவிட்டார். சரிவில் வேகம் பிடித்த கல், சுவரின் விளிம்புக்கு வந்ததும் நேர்கீழே இறங்குவதில்லை. ஓட்டுக் கூரையிலிருந்து கொட்டுகிற மழைத்தண்ணீர் சுவரில் வழியாமல் தள்ளி விழுகிறதே, அந்த மாதிரி எகிறித் தள்ளி விழுந்தது. எல்லாக் கல்லும் பாதையின் நடுவிலோ பள்ளத்திலோ போய் விழுந்தன. சுவரின் அடியில் ஒன்றுகூட விழவில்லை. முனிசாமி படுத்த இடத்திலிருந்து சுவர் கைக்கெட்டும் தூரம். பச்சையம்மாள் அந்த இடைவெளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கல் அடித்து வளைந்துபோன அவனுடைய கடப்பாரை பள்ளத்தோரம் எறியப்பட்டுக் கிடந்தது. அவள் அதை எடுத்து வந்தாள். மேல் வளைவில் ஒரு செம்மரத்தில் சாய்த்துச் சுத்தியால் அடித்தபோது 'டொக்' என்று செத்த சத்தம்தான் வந்தது. மரம் ஒலியை விழுங்கிவிட்டது. கிளையில் கயிறு கட்டி, எதிலும் படாமல் தொங்கவிட்டு அடித்ததும் மலை முழுக்கக் கேட்டது. காற்று அதைத் துண்டாக்கவில்லை. அது எந்தப் பாஷையும் இல்லை.

செங்கத்து ஆட்கள் அங்கே இறங்குகிற நாள் காலையில் இரண்டு கூட்டத்துக்கும் ஏசுரத்தினம் இரண்டு பாஷையிலும் சொன்னார்: வெடிக்கு விசில், விசில் கேட்டால் எட்டப் போய்ப் படுக்க வேண்டும். கல்லுக்குக் கடப்பாரை, கடப்பாரை ஒலித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, மலைச்சுவரில் முதுகு ஒட்ட நிற்க வேண்டும். வாயால் யாரும் எதுவும் கத்தக் கூடாது.