பனியன் போர்த்திய கேமரா

நிக்கோபார் தீவின் கேம்பல் பேயில் இணையம் கப்பலைவிட மெதுவாக வரும். அதிலும் எவனோ பங்கு போடுகிறான் என்ற சந்தேகம் வந்ததும் பவளராஜுக்கு ரத்தம் கொதித்தது. மோடத்தைக் குடைந்து பார்த்தார். மெயின்லேண்டிலிருந்து யாரோ தினமும் அவர் வீட்டுக் கேமராவுக்குள் நுழைகிறார்கள்!

“பாருடா, சோர் பயலே, திருட்டுப் பயலே!” என்று தம் கிழிந்த பனியனைத் துவைக்காமலே கேமராவின் மேல் தொங்கவிட்டார். பழிதீர்த்த திருப்தியில் டீ இரண்டு மடங்கு இனித்தது. சர்க்கரையும் அப்படித்தான் போட்டிருந்தார்.

சென்னையிலிருந்து மகள் வித்யா அழைத்தாள். “அப்பா, பனியனை எடுங்க. சுகர் மாத்திரை போடுறீங்களான்னு பாக்க முடியல. கேமரா மாட்டினப்பவே சொன்னேன்ல, இங்கேருந்து பாப்பேன்னு?”

சொன்னாள்தான். அவர்தான் எதைக் காதில் வாங்கினார்?

பனியனை எடுத்தார். ஆனாலும் பழி பழிதான். மாத்திரையை விழுங்கிவிட்டு, கேமராவுக்கு நேரே வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டி, “போதும்ப்பா!” என்று அவள் கெஞ்சும்வரை காட்டிக்கொண்டே நின்றார்.