நடு சீட்

பிள்ளைக்குக் கார் சீட் வாங்கப் போகிற தாய் மெத்தையை அழுத்திப் பார்ப்பாள், பெல்ட்டை இழுத்துப் பார்ப்பாள். இந்தத் தையல்காரியோ கைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து அகலத்தை அளந்தாள். கடையில் இருந்ததிலேயே எது அதிக அகலமோ அதைக் காட்டி, இதுதான் வேணும் என்றாள். இதைவிட ஒல்லியாக ஒன்று இருக்கிறது, சின்ன வண்டிக்கு அதுதான் தோது என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். சின்ன வண்டிக்குத் தோதாக இருந்துவிடக் கூடாது என்றுதான் இதை வாங்குகிறேன் என்று அவரிடம் சொல்லவா முடியும்? சிரித்துக்கொண்டே தூக்கி வந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். அவளும் அவள் புருஷனும் பிரிந்து நாலு வருஷம் ஆகிறது. ஆறு வயது மகள் இவளிடம் இருக்கிறாள். அவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு, இரண்டு வயதில் ஒரு பையன், ஐந்து மாதத்தில் ஒரு கைக்குழந்தை என்று சௌகரியமாக இருக்கிறான். இப்போது திடீரென்று பாசம் பொங்கி, சனி ஞாயிறு மகள் தன் வீட்டில் இருக்க வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போய்விட்டான். கோர்ட்டும் சரி என்றுவிட்டது. தையல்காரி மட்டும் ஒரு நிபந்தனையில் ஒற்றைக்காலில் நின்றாள். என் பொண்ணை யார் மடியிலும் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது, மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று சீட், பின்னால் ஒரே வரிசையில் மாட்டிக் காட்ட வேண்டும், என் கண்ணால் பார்த்துச் சரி என்றால்தான் அனுப்புவேன். அதை அவள் கைப்படவே எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

கேட்டவர்கள் எல்லாரும் தாயென்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மெச்சினார்கள். அவள் கணக்கு வேறு. அவன் தகுதிக்குச் சின்ன வண்டிதான் வாங்க முடியும். சின்ன வண்டியின் பின்சீட்டில் இரண்டு குழந்தை சீட்டுக்கு மேல் நுழையாது. பக்கத்து வீட்டு வண்டியை அவர்கள் இல்லாத நேரத்தில் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, கண்ணாலேயே அளந்து வைத்திருந்தாள். அவள் கண் அளவு ஒரு விரல்கூடத் தப்பாது. ஆக, வண்டியும் கிடைக்காது, பொண்ணும் போக மாட்டாள். அந்த வீட்டில் அவள் மூன்றாம் பட்சமாக, மிச்சம் மீதி விழுகிற இடத்தில் கிடக்க வேண்டிய தலையெழுத்து இல்லை. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பழைய புருஷனுக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர் மழுப்பல். வருவீங்களா மாட்டீங்களா என்றால் பார்ப்போம் என்பான். சாப்பாடு எப்படி என்றால் இருக்கு என்பான். கல்யாணம் முறிந்தபோதுகூட ஏன் என்பதற்கு முழுசாக ஒரு வாக்கியம் அவன் வாயிலிருந்து வரவில்லை. அன்றைக்கே அவனுக்குக் கொடுத்துவந்த ‘நீங்க’வைப் பிடுங்கிக்கொண்டு ‘நீ’யில் நிறுத்திவிட்டாள். அவனுடைய புதுப் பெண்டாட்டி பெரிய ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவு நர்ஸ். எந்நேரமும் வெள்ளைச் செருப்போடு திரிவதால் தையல்காரிக்கு அவள் வெறும் வெள்ளைச் செருப்பு. அவளுக்கு ‘நீங்க’ கொடுக்கும் பேச்சே இல்லை.

முதல் சனிக்கிழமை அவர்கள் விலைக்குப் பார்த்த வண்டியில் மூன்றாவது சீட்டை வைத்ததும் கதவு மூட மறுத்தது. பாவம் பார்த்த முகத்தோடு, சரி, அடுத்த வாரம் பார்ப்போம் என்றாள் தையல்காரி. இரண்டாவது சனிக்கிழமை எப்படியோ மூன்றையும் திணித்துவிட்டார்கள். மழுப்பலின் முகத்தில் வெளிச்சம்கூட வந்தது. அவள் குனிந்து பார்த்தாள். மகளுடைய அகல சீட்டின் கைப்பிடிக்கு அடியில் பெல்ட் மாட்டும் பூட்டு புதைந்து கிடந்தது.

"சீட்டு நுழைஞ்சிருக்கு. பூட்ட கை நுழையலையே" என்றாள்.

அந்த வண்டியும் வேண்டாமென்று ஆனது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவளுக்குச் சந்தோஷம். அன்றைக்கு இரண்டு சட்டை கூடுதலாகத் தைத்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை, காலை பத்து மணி. ஊர் எல்லையில் பழைய வண்டிகள் விற்கிற ஒரு திடல். தகரக் கூரையின் கீழ் சாம்பல் நிறத்தில் குட்டையாக ஒரு வண்டி நின்றது. பிடித்துப்போனால் இங்கேயே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு, மகளையும் இப்படியே கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. மகளும் அவர்களுடைய பையனும் அலுவலக அறையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். கைக்குழந்தை மழுப்பலின் தோளில் இருந்தது. தையல்காரி கதவைத் திறந்து பின்சீட்டைக் குறுக்கே அளந்தாள். மூன்று சீட்டின் அகலத்தையும் மனசுக்குள் கூட்டினாள். ஒரு விரல்கடை இடம் குறைந்தது. மூஞ்சியை நிதானமாக வைத்துக்கொண்டாள்.

வெள்ளைச் செருப்பு எதையும் கூட்டவில்லை. செருப்பைக் கழற்றி வெளியே வைத்தாள். முழங்காலிட்டுப் பின்சீட்டில் ஏறினாள். பையனின் சீட்டை ஒரு ஓரத்தில் மாட்டினாள். கைக்குழந்தையின் சீட் பின்பக்கம் பார்த்து உட்காருகிற மாதிரி. அதற்கு மேலே அகலம், கீழே குறுகல். மற்ற இரண்டுக்கும் கீழே அகலம், மேலே குறுகல். அதை இன்னொரு ஓரத்தில் வைத்து, அகல சீட்டை இரண்டுக்கும் நடுவே இறக்கியதும், ஒன்றின் வளைவில் இன்னொன்று போய் உட்கார்ந்துகொண்டது. அட பாவமே என்றிருந்தது தையல்காரிக்கு. துணி பற்றாதபோது ஒரு துண்டை நேராகவும் அடுத்த துண்டைத் தலைகீழாகவும் வைத்து வெட்டினால் துணி மிச்சமாகும். இருபது வருஷமாக அவள் தினமும் செய்கிற வேலை இது. கார் சீட் விஷயத்தில் மட்டும் மண்டையில் உறைக்கவில்லை.

டக், டக், டக் என்று மூன்று பூட்டும் விழுந்தன. கதவும் மூடிக்கொண்டது. பெல்ட்டைச் சரிபார்க்க வந்து நின்ற மெக்கானிக் ஒவ்வொரு சீட்டையும் பிடித்து ஆட்டிப் பார்த்து, அசையலை என்றார்.

தையல்காரியின் முகத்தில் ஈயாடவில்லை. வேறு ஏதாவது ஓட்டை கிடைக்காதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினாள். கிடைத்தது. அகல சீட் நடுவில் இருந்தது. ஜன்னல் இரண்டும் அவர்களுடைய பிள்ளைகளுக்கு. தன் மகள் இரண்டுக்கும் இடையில், காலை நீட்ட இடமில்லாமல், காற்றில்லாமல், வெளியே ஒன்றும் தெரியாமல். இத்தனை நாள் எதை நினைத்துப் பயந்தாளோ அது கண்முன்னால் பூட்டு போட்டு உட்கார்ந்திருந்தது.

"ஓகோ, உங்க ரெண்டும் ஜன்னலோரம், என் பொண்ணு நடுவுல நசுங்கணுமா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வண்டியிலேயே இந்த லட்சணம் என்றால் வீட்டில் எங்கே படுக்க வைப்பார்கள், வாசற்படியிலா என்று கேட்டாள். பெற்றவள் இருக்கும்போதே இப்படி என்றால் என்று ஆரம்பித்து, வெள்ளைச் செருப்பின் வளர்ப்பு, படிப்பு, முழியைக்கூட விட்டுவைக்காமல் கரித்துக்கொட்டினாள். திடலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

மழுப்பல், "அது வந்து..." என்று இழுத்தான். மெக்கானிக்கும் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"யாரும் பேச வேண்டாம்" என்றாள் வெள்ளைச் செருப்பு. அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. குரல் மட்டும் ஏறவில்லை. தையல்காரியை நேராகப் பார்த்தாள். "ஜன்னலோரம்தான் வேணுமா? நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? மாத்து."

அவள் மாற்றினாள். இந்த முறை லேசில் பொருந்தவில்லை. அகல சீட் கதவை முட்டியது, பூட்டு கைக்கு அகப்படவில்லை. மூன்று தடவை கழற்றி மாட்டியதில் அவள் மணிக்கட்டில் தோல் உரிந்தது. முக்கால் மணி நேரம் கழித்து அகல சீட் ஜன்னலோரத்திலும் கைக்குழந்தையின் சீட் நடுவிலும் உட்கார்ந்தன. பையனை ஏற்றிவிட்டு, மழுப்பலின் தோளிலிருந்த குழந்தையை வாங்கி அதில் படுக்க வைத்ததும் அது தூங்கிப்போனது. தையல்காரி மகளை அழைத்து வந்து ஏற்றினாள். பாரு, அம்மா உனக்கு ஜன்னல் வாங்கிக் கொடுத்துட்டேன் என்று காதில் சொன்னாள். மகளுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தாள். பொண்ணு போகத்தான் போகிறாள், ஆனால் மிச்சம் மீதியாகப் போகவில்லை, முறைப்படி போகிறாள் என்று தையல்காரி மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மற்ற இருவரும் கையெழுத்துப் போட அலுவலக அறைக்குப் போனார்கள். மெக்கானிக் சாவியைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்மா, நல்ல இடத்தை விட்டுட்டீங்களே" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. அவர் வண்டியின் கதவை விரலால் தட்டிக் காட்டினார். டப்பா தட்டுகிற சத்தம் வந்தது. பக்கவாட்டில் ஒரு வண்டி வந்து இடித்தால் இந்தத் தகரத்துக்கு அடுத்தபடி பிள்ளைதான், நடுவில் இருக்கிற பிள்ளைக்கு இரண்டு பக்கமும் ஒரு முழம் இடைவெளி இருக்கும், சீட் ஒழுங்காகப் பொருந்தினால் நடுதான் இருப்பதிலேயே பத்திரம் என்றார். புதன்கிழமையே அந்தம்மா தனியாக வந்து, கடையில் இரவல் வாங்கிய இதே மாதிரி அகல சீட்டை வைத்து, மாட்டிக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டுப் போனார்களாம். கைக்குழந்தையை நடுவில் வையுங்கள் என்று மெக்கானிக்கே சொன்னாராம். அந்தம்மா கேட்கவில்லையாம்.

தையல்காரி அலுவலக அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். விபத்துப் பிரிவு நர்ஸ். கதவோரம் உட்கார்ந்து வந்தவர்கள் எப்படி வருகிறார்கள் என்று தினமும் பார்க்கிறவள். தான் என்னவென்றால் கத்திக் கூப்பாடு போட்டு, ஊரைக் கூட்டி, பெற்ற பிள்ளையைத் தகரத்தோடு ஒட்டி உட்கார வைத்திருக்கிறோம்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். தையல்காரி வழியை மறித்தாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? நடுவுல தள்ள கதை கட்டுறான்னு சொல்லியிருப்பீங்க." வெள்ளைச் செருப்பு மணிக்கட்டைத் துடைத்துக்கொண்டாள். "உங்க பொண்ணு மேல பாசத்துல வச்சேன்னும் நினைச்சுக்காதீங்க. என் பிள்ளைக்கு ஒண்ணுன்னா நான் அழுதுட்டுக் கிடப்பேன். உங்க பொண்ணுக்கு ஒரு கீறல் விழுந்தா நீங்க என்னை உயிரோட விடமாட்டீங்க. அந்தப் பயத்துல வச்சேன். வேணாம்னுட்டீங்க. நல்லதாப் போச்சு."

தாண்டிப் போய் முன்கதவைத் திறந்தாள்.

தையல்காரி பின்சீட்டைப் பார்த்தாள். நடுவில் கைக்குழந்தை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. அனுப்ப மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் கைப்பட எழுதிக் கொடுத்த காகிதம் இருக்கிறது. மூன்று சீட்டும் பொருந்திவிட்டது, அதுவும் அவள் சொன்ன இடத்திலேயே.

"மாத்தி வை" என்றாள்.

வெள்ளைச் செருப்பு திரும்பவே இல்லை. "குழந்தை தூங்குது."

ஐந்து மாதக் குழந்தையைக் கதவோரம் தள்ளச் சொல்கிறோம் என்பது தையல்காரிக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே கேட்டாள். நாலு வருஷம் இறுக்கிப் பிடித்து வைத்திருந்த அந்த ‘ங்க’ தொண்டையில் முள் மாதிரி நின்றது.

"மாத்தி வைங்க" என்றாள்.

வெள்ளைச் செருப்பு திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு எதுவும் இல்லை. குனிந்து குழந்தையின் பெல்ட்டை அவிழ்த்தாள். அது விழித்து வீரிட்டது. புருஷன் கையில் அதைத் திணித்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி உள்ளே ஏறினாள். ஒத்தாசைக்குக் கைநீட்டிய தையல்காரியிடம், தொடாதீங்க என்றாள்.

நடுவில் உட்கார வைத்ததும் மகள் முகம் தொங்கிப்போனது.

"ஜன்னல் எனக்குன்னு நீதானே சொன்னே. பொய் சொல்ற நீ."

பதில் சொல்வதற்குள் கதவு சாத்தப்பட்டது.

வண்டி பின்னால் வந்து திரும்பி அவளைக் கடந்தது. தையல்காரி எட்டி எட்டிப் பார்த்தாள். நடுவில் மகளின் தலைகூடத் தெரியவில்லை. அந்த அகல சீட்டின் உயர்ந்த முதுகு மறைத்துக்கொண்டது. ஜன்னலில் தெரிந்தது கைக்குழந்தைதான். பின்பக்கம் பார்த்து உட்காருகிற சீட் ஆனதால், மெல்லிய கதவுக்கு மேலே, கண்ணாடிக்குள், அழுத முகத்தோடு அது அவளைப் பார்த்துக்கொண்டே போனது. திடல் வாசலைத் தாண்டி, பெரிய வண்டிகள் போகிற சாலையில் ஏறும் வரைக்கும் பார்த்தது.

"பார்த்துப் போங்க" என்று அவள் சொன்னது யார் காதிலும் விழுந்திருக்காது.