காலஞ்சென்றவருக்கு ஒரு காப்பி

சிகுதானி அந்த மாடியறைக்கு இதற்கு முன் இரண்டு முறை வந்திருந்தாள். இரண்டு முறையும் காப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாள்.

டாங்கா துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் மாலுமிகள் சங்கத்து மாடியில், வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்ததும் கவிஞர்கள் கூடுவார்கள். புதிதாக வருபவர் ஒரு பாட்டுப் பாட வேண்டும். அதே இயைபில், அதே அளவில் யாராவது பதில் பாடினால் வந்தவர் கவிஞர். பதில் வராவிட்டால் காப்பி வரும். யாரும் ஒரு குறை சொல்லமாட்டார்கள். அந்த மரியாதைதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

பகலில் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள் அவள். மாலை வகுப்பில் மக்காமே ஆசிரியரிடம் யாப்புப் படித்தாள். அரையடிக்கு எட்டு அசை, அசைக்கு ஒரு விரல். விரல்விட்டு எண்ணி எண்ணி, டிக்கெட் கேட்பவர்களின் ஊர்ப்பெயரைக்கூட எண்ண ஆரம்பித்திருந்தாள்.

இன்றைக்குப் பாட வேண்டியது ஷெகிவுலியைப் பற்றி. கவிஞர், நாடகக்காரர், எழுபது வயது. போன மழைக்காலத்தில் ஒரு நண்பரின் இரங்கல் கூட்டத்தில் அவர்தான் எழுந்து நின்று சத்தம் போட்டார். "இவ்வளவு நல்லா பாடறீங்களே, அவன் கேட்டானா? எனக்குப் பாடறதா இருந்தா காது இருக்கும்போதே பாடித் தொலைங்கடா!" அதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

முதலில் மக்காமே பாடினார். முடிந்ததும் ஷெகிவுலி கேட்டார்: "ஏன்டா, இது எனக்கு எழுதினதா, உனக்கு எழுதினதா?"

"நடுவுல நீ வர்றியே!"

"வந்தேன், வந்தேன். உனக்குக் குடை பிடிக்கறவனா வந்தேன்."

அவருடைய நாடகங்களில் நடித்த ஸுஹூரா அடுத்துப் பாடினாள். ராஜா செத்துக்கிடக்கும் காட்சியில் பிணமே சிரித்துவிட்ட கதை அந்தப் பாட்டில் இருந்தது.

"நீ அழுத லட்சணத்துக்குப் பிணம் சிரிக்காம என்ன பண்ணும்?" என்றார் ஷெகிவுலி. அன்று பிணமாகக் கிடந்தவர் அவர்தான்.

பிறகு சிகுதானி எழுந்தாள். இயைபை மூன்று முறை சரிபார்த்திருந்தாள். அசையை எத்தனை முறை என்று அவளுக்கே தெரியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் அடியை இழுத்துப் பாடினாள்.

"மரேஹேமு ஷெகிவுலி..."

காலஞ்சென்ற ஷெகிவுலி.

காப்பிக் கிண்ணங்கள் உதட்டுக்குப் பாதி வழியில் நின்றன. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஷெகிவுலி என்ற பெயர் ஷெ, கி, வு, லி என நான்கு அசை. இன்னும் நான்கு வேண்டியிருந்தது. அவள் பார்த்துப் படித்த புகழ்ப்பாட்டெல்லாம் இறந்தவர்களுக்கு எழுதியவை. கவிஞர் பெயர் வந்த இடத்திலெல்லாம் முன்னால் 'மரேஹேமு' நின்றது. ம, ரே, ஹே, மு. நான்கு விரலுக்கும் அச்சாகப் பொருந்தியது. எல்லாவற்றையும் சரிபார்த்தவள் அர்த்தத்தைப் பார்க்கவில்லை.

ஷெகிவுலி தன் கையைக் கிள்ளிப் பார்த்தார். "ஸுஹூரா, நான் எப்போ போனேன்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" பிறகு கால்நீட்டிப் பாயில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டார். "பாடு பிள்ளே. இந்த வேஷம் கிடைச்சு ரொம்ப நாளாச்சு."

மிச்சத்தையும் பாடி முடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். யாரும் பதில் பாடவில்லை.

"எப்படிப் பாடறது?" என்றார் மக்காமே. "அந்தச் சொல் சரின்னா இவன் செத்துட்டான். இன்னிக்குப் பதில் பாட வேண்டியவனே இவன்தான், செத்தவன் பாட மாட்டான். தப்புன்னா, அந்த இடத்துல நாலு அசை காலி. நொண்டிப் பாட்டுக்கு நாங்க யாருமே பதில் பாடறதில்லே."

மூலையில் காப்பிக்காரர் கெண்டியைச் சாய்ப்பதைச் சிகுதானி பார்த்தாள். மூன்றாவது கிண்ணம். இதைக் குடித்துவிட்டால் இனி இந்தப் படியேற மனம் வராது.

பிணம் ஒற்றைக் கண்ணைத் திறந்தது. "நாலு அசை கொண்டா பிள்ளே. சீக்கிரம். முதுகு வலிக்குது."

பேராசான் என்று பொருள்படும் சொல்லொன்றைச் சொன்னாள். விரலுக்குச் சரியாகத்தான் வந்தது.

"அதை மக்காமேக்கு வெச்சுக்கோ. பொய்யெல்லாம் எனக்கு வேணாம்."

காப்பிக்காரர் கிண்ணத்துடன் நடந்து வந்துகொண்டிருந்தார். படுத்திருந்தவரை அவள் பார்த்தாள். கூட்டம் தொடங்கியதிலிருந்து இந்த மனிதர் செய்ததெல்லாம் என்ன? அதற்கு ஒரு சொல் இருந்தது, பெரியவர்களிடம் சொல்லக்கூடாத சொல். ஆனால் அவள் அப்பா தபோராவைச் சேர்ந்த ந்யாம்வேஸி, இவர் ஸிகுவா. இரண்டு இனத்துக்கும் பாட்டன் காலத்திலிருந்து கேலி உறவு. அந்த உறவில் பிணத்தின் தலைமாட்டிலேயே வம்பு பேசலாம், யாரும் கோபிக்கக்கூடாது. பிணம்தான் எதிரிலேயே கிடக்கிறதே.

"ம்கொரோஃபி ஷெகிவுலி!" என்று பாடினாள். வம்புக்கார ஷெகிவுலி.

"மூணு அசைதான்," என்றார் மக்காமே உடனே.

சிகுதானி சுட்டுவிரலைத் தூக்கினாள். "முதல்ல வர்ற 'ம்' தனியா நிக்கும், சார். அதுக்கும் ஒரு விரல். நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க."

ஸுஹூரா சிரித்த சிரிப்பில் ஜன்னலோரத்துக் காகம் பறந்தது. மக்காமே மோவாயைத் தடவிக்கொண்டார். காலஞ்சென்றவர் எழுந்து உட்கார்ந்து, அவளுடைய இயைபிலேயே பாடத் தொடங்கினார்: என்னைப் புதைக்க வந்தவளே, வம்பனென்று வைது எழுப்பினாய், எழுந்தவன் சும்மா போவானா, உன் பாட்டுக்குப் பதில் இதோ.

காப்பிக்காரர் கிண்ணத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

"இங்கே குடுய்யா," என்று ஷெகிவுலி வாங்கிக்கொண்டார். "செத்துப் பிழைச்சவனுக்குத் தாகம் ஜாஸ்தி."

பழக்கதோஷத்தில் சிகுதானியின் விரல்கள் அவர் பாடியதையும் எண்ணியிருந்தன. கடைசி அரையடியில் ஏழுதான் வந்தது. தான்தான் தப்பாக எண்ணியிருக்க வேண்டும் என்று மறுபடி எண்ணினாள். ஏழேதான். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஷெகிவுலி கிண்ணத்துக்கு மேலாகக் குனிந்தார். "எண்ணிட்டியா?" என்றார் மெதுவாக. "மக்காமேகிட்ட மட்டும் சொல்லிடாதே."