வெயிலில் காய்ந்த ட்ரை கார்பன்

எங்கள் பட்டறையில் ட்ரை கார்பன் என்றால் வெயிலில் காயப்போட்ட கார்பன் என்று அர்த்தம்.

கேலிக்குச் சொல்லவில்லை. முதலாளி ஸ்டீபன் அண்ணன் மனசார அப்படித்தான் நம்பினார். இருபது வருஷம் பஸ்ஸுக்கும் வேனுக்கும் ஃபைபர் பம்பர் செய்தவர். கார்பன் ஃபைபரில் பானெட் வேண்டும், ஸ்பாய்லர் வேண்டும் என்று ஆட்கள் வர ஆரம்பித்ததும் யூட்யூபைப் பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டார். அதில் எவனோ ஒருத்தன் ஆங்கிலத்தில் வெட் கார்பன், ட்ரை கார்பன் என்று இரண்டு வகை சொல்லியிருக்கிறான். வெட் என்றால் ஈரம், ட்ரை என்றால் காய்ந்தது. அண்ணன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அச்சிலிருந்து எடுத்து அப்படியே கொடுத்தால் வெட். தகரக் கூரைமேல் நாலு நாள் போட்டு எடுத்தால் ட்ரை.

விஷயம் அதுவல்ல. கார்பன் இழையைத் துணி மாதிரி நெய்து வைத்திருப்பார்கள். அதை அச்சில் விரித்துக் கையால் ரெசின் தடவினால் வெட். ரெசினை அளந்து முன்கூட்டியே ஏற்றி, குளிர்பெட்டியில் வைத்து அனுப்புகிற துணியைப் பரப்பி, காற்றை உறிஞ்சிவிட்டு, ஓவனில் நூற்றிருபது டிகிரியில் வேகவைத்தால் ட்ரை. எங்களிடம் ஓவனும் கிடையாது, குளிர்பெட்டியும் கிடையாது. நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி தேனி ரோட்டில், டயர் கடைக்கும் மர மில்லுக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகை. வெயில் மட்டும் தாராளம்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைச் சொன்னேன்.

“அண்ணே, இது ட்ரை கார்பன் இல்ல. தெரியாம பேர் வைக்காதீங்க.”

“ஏம்மா, தொட்டுப் பாரு. ஈரமாவா இருக்கு?”

“ப்ரீப்ரெக், ஆட்டோகிளேவ், கிளாஸ் டிரான்சிஷன் டெம்பரேச்சர். இதுல ஒண்ணாவது தெரியுமா உங்களுக்கு?”

“எனக்கு எதுக்குத் தெரியணும்? அதுக்குத்தான ஒன்ன வச்சிருக்கேன்.”

பாலிஷ் போடும் மருது அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “நம்ம நாகமல வெயிலு எந்த ஓவனுக்குத் தாயி கொறஞ்சது?”

அதன்பிறகும் இரண்டு முறை சண்டை போட்டுப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதற்குத் தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழே இருக்கிறது. கட்டணம் குறையும் என்று வாங்கியது. பாலிமர் இன்ஜினியரிங் படித்தேன். கூடப் படித்த எல்லோரும் சென்னையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டார்கள். கம்பெனிகள் நேர்காணலில் பொம்பளைப் பிள்ளை ஷாப்ஃப்ளோரில் மெஷினோடு நிற்பியா என்றே கேட்டுக்கொண்டிருந்தன. நிற்பேன் என்று நான் சொன்ன விதம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. எழுமலையில் இருக்கும் அம்மாவுக்கு நான் கார் கம்பெனியில் பெரிய வேலை. தினமும் போனில் சாப்பிட்டியா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன். பிறகு இருவருக்கும் பேச எதுவும் இருக்காது. அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்கும். வச்சுரவா என்பாள். கூட அறையில் இருந்த பெண் கல்யாணமாகிப் போனபின், ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயே திறக்காமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் டீ சொல்லும்போது குரல் கரகரத்தது.

அந்த நிலையில்தான் ரூத் கூப்பிட்டார்.

“எங்கார் பானெட்டுக்கு டர்போ மேல ஒரு மேடு வச்சு கார்பன்ல செய்யணும். ட்வில் நெசவா, ஃபோர்ஜ்டான்னு யோசிக்கிறேன். நீங்க போடுற ரெசின் டிஜி எம்புட்டு?”

ரெசின் எந்தச் சூட்டில் விறைப்பை இழந்து தளர ஆரம்பிக்கிறதோ, அதுதான் டிஜி. கல்லூரியை விட்டு வந்தபின் அந்தச் சொல்லை என்னைத் தவிர யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ரூத் ஒரு மிஷன் பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். நாற்பதை நெருங்குகிறவர். ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, அதற்கு டர்போ மாட்டி, மாதம் ஒருமுறை கோயம்புத்தூர் டிராக்கில் கொண்டுபோய் ஓட்டுகிறார். தனியாகப் போய்த் தனியாக வருவார். பள்ளி விட்டதும் எனக்குக் கூப்பிடுவார். நான் தகரக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று பேசுவேன். முன்னால் நின்றால் மருது அண்ணன், “டீச்சரம்மா க்ளாஸ் ஆரம்பிச்சுருச்சு” என்பார்.

“ஃபோர்ஜ்டு வேணாம் மிஸ். துண்டு துண்டா வெட்டிப்போட்டு அமுக்குறது. பாக்க மொசைக் தரை மாதிரி அழகாத்தான் இருக்கும். கனம் கூடிரும்.”

“மிஸ்னு கூப்பிடாத. பகல் பூரா அதத்தான் கேக்குறேன்.”

“சரிக்கா. டூ பை டூ ட்வில் போடுங்க. மேடு பள்ளத்துக்குத் துணி வளஞ்சு குடுக்கும். ஒரு கத்தைக்கு மூவாயிரம் இழை, மூணு கே போதும். பன்னெண்டு கேன்னா பட்டை பட்டையா பாய் மாதிரி தெரியும்.”

“பாய் விரிச்சுப் படுக்கவா போறேன். மூணே போடு.” சிரித்தார். “ஸ்டாஃப் ரூம்ல கார்னு வாயெடுத்தா மைலேஜ் எம்புட்டுன்னு கேக்குறாங்க செல்வி. எனக்கு அலுத்துப்போச்சு.”

இப்படி இரண்டு வாரம். கடைசியில், டர்போவின் சூடு நூறு டிகிரியைத் தாண்டும், அதனால் ட்ரை கார்பன்தான் சரி என்று முடிவுக்கு வந்தார். முடிவு சரிதான். அதை நான்தான் வழிமொழிந்தேன். “நம்மகிட்ட ட்ரை இருக்குல்ல?” என்று அவர் கேட்டபோது ஸ்டீபன் அண்ணன் போனை வாங்கி, “சுத்தமான ட்ரை மேடம்” என்றார்.

மறுநாள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொன்னால் அவர் கோயம்புத்தூரில் வேறு இடம் பார்த்துக்கொள்வார். அதன்பிறகு என்னிடம் பேச அவருக்கு என்ன இருக்கும்? மறுநாளும் பேசினோம். சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக அண்ணனை நச்சரித்தேன். சூடு தாங்குகிற ரெசினாவது வாங்குங்கள், கப்பலூரில் பவுடர் கோட்டிங் செய்கிறவர்களின் ஓவனில் வைத்து எடுக்கலாம் என்றேன். “அங்க கொண்டு போனா நம்ம அச்சப் பாத்து காப்பி அடிச்சுருவாய்ங்க” என்று முடித்துவிட்டார். பானெட் வழக்கமான ரெசினில் தயாராகி, வழக்கம்போலக் கூரைக்குப் போனது. நாலாம் நாள் இறக்கி பாலிஷ் போட்டபோது, கறுப்புத் தண்ணீர் மாதிரி மின்னியது. பார்க்கிற யாரும் குறை சொல்ல முடியாது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் ரூத் வந்தார். அன்றே மாட்டிக்கொண்டு மறுநாள் டிராக்குக்குப் போவதாக ஏற்பாடு. அளவெல்லாம் போனிலேயே அனுப்பியிருந்தார்; நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் நினைத்ததைவிடக் குள்ளம். கையில் எனக்கென்று ஒரு டப்பாவில் அதிரசம்.

“பாத்துக்கங்க மேடம்,” என்றார் அண்ணன். “நாலு நாள் வெயிலு. ஒரு சொட்டு ஈரம் கெடையாது. இதுக்கு மேல ட்ரை உலகத்துலயே இல்ல.”

ரூத் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. ரூத் என்னைப் பார்த்தார்.

“வெயில்லயா காய வச்சீங்க?”

அந்த பானெட் மறுநாள் சூட்டில் தளர்ந்து, பூட்டு விட்டு, நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் எழும்பிக் கண்ணாடியில் அடிக்கிற காட்சி இரண்டு வாரமாக என் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கேட்கிறவரை நான் காத்திருந்தேன் என்பதுதான் அசிங்கம்.

பானெட்டின் ஓரம் வெட்டியபோது மிச்சமான பட்டையை எடுத்தேன். டயர் கடைக்கு அடுத்த டீக்கடையில் போய், பாய்லரிலிருந்து கொதிக்கிற தண்ணீரை ஒரு சொம்பில் பிடித்து வந்தேன். பட்டையை அதில் நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து இடுக்கியால் எடுத்து, துணி சுற்றி வளைத்தேன். வெற்றிலை மாதிரி வளைந்தது. கல்லூரி ப்ராஜெக்டில் ஓவனில் வேகவைத்த துண்டு ஒன்று என் பையில் இருந்தது. அதையும் முக்கி எடுத்தேன். அது இம்மியும் அசையவில்லை.

ரூத் பட்டையைப் பார்க்கவே இல்லை.

“இது ஒனக்கு எப்பத் தெரியும்?”

“நீங்க மொத நாள் கூப்பிட்டப்பவே.”

“டெய்லி பேசுனோமே செல்வி.”

“சொல்லிட்டா அப்பறம் கூப்பிட மாட்டீங்கன்னு சொல்லல.”

அவர் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். கோபம் வந்திருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். அவர் அதிரச டப்பாவைப் பெஞ்சில் வைத்தார். “அந்த கார்ல நான் ஒருத்திதான் உக்காந்திருப்பேன்,” என்றார். அவ்வளவுதான். பானெட்டை எடுக்காமல், பழைய பானெட்டோடு ரிவர்ஸ் எடுத்து, ரோட்டில் ஏறிப் போய்விட்டார்.

அண்ணன் என்னைத் துரத்திவிடுவார் என்று பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். அவர் சொம்புக்கு முன்னால் குந்தியிருந்தார். தண்ணீர் ஆறிவிட்டது என்று மருது அண்ணனை அனுப்பி வேறு தண்ணீர் வாங்கிவரச் சொன்னார். பட்டையை முக்கினார், வளைத்தார். இன்னொன்றை முக்கினார், வளைத்தார். ஐந்தாறு தடவை.

“இத ஏம்மா மொதல்லயே காட்டல?”

“மூணு தடவ சொன்னேன்ண்ணே.”

“நீ எங்க சொன்ன? திட்டி வஞ்ச.” அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “இங்கிலீஷ்ல நாலு வார்த்தை சொல்லி, இது தெரியுமா அது தெரியுமான்னு வஞ்ச. ஒரு சொம்பு சுடுதண்ணி. அது ஒனக்குத் தோணலயா?”

தோன்றவில்லை. அவருக்குப் புரியவைக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. எனக்குத் தெரியும் என்பதை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பையைக் கழற்றி மறுபடியும் ஆணியில் மாட்டினேன்.

ரூத்துக்கு ஒரு மெசேஜ் எழுதினேன். கோயம்புத்தூரில் ஓவன் வைத்திருக்கிற இடத்தின் பெயர், எந்த ரெசின் கேட்க வேண்டும், வேகவைத்த சூட்டை எப்படி எழுதி வாங்க வேண்டும் என்று எல்லாம். மன்னிப்பும் கேட்டேன். நன்றி என்று ஒரு வார்த்தை வந்தது. செல்வி என்று போடவில்லை.

அண்ணன் பழைய நோட்டை எடுத்து வந்தார். இதுவரை ட்ரை என்று சொல்லிக் கொடுத்த பானெட் பதினொன்று. “கூப்பிட்டுச் சொல்லு. கழட்டி வைக்கச் சொல்லு. மாத்தித் தாரோம்னு சொல்லு,” என்றார். “இதையாச்சும் வையாம சொல்லு.”

மத்தியானம் முழுக்க கூப்பிட்டேன். ஒருத்தர் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஒருத்தர் காரை எப்போதோ விற்றுவிட்டார். இரண்டு பேர் நான் இன்ஷூரன்ஸ் விற்கிறேன் என்று நினைத்து வைத்துவிட்டார்கள். ஏழாவது நம்பர் திருவாதவூர், முத்திருளன் என்று எழுதியிருந்தது. மச்சான் அழகுபாண்டியின் காரைக் கொண்டுவந்து பானெட் மாட்டிப் போனவர். நான் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசவில்லை.

“அது கோணிப்போயி ஆறு மாசமாச்சும்மா. ஒரு கல்யாணத்துக்கு இரவல் வாங்கிட்டுப் போயி வெயில்ல நிப்பாட்டிட்டேன். எங்காரக் கெடுத்துட்டியேன்னு மச்சான் எங்கூடப் பேச்சு வார்த்தையே இல்ல. அப்ப எம்மேல தப்பு இல்லையா?”

“இல்லண்ணே. எங்க மேலதான். வெயில்ல நிக்காத காரு எங்க இருக்கு?”

“இத அவர்ட்ட சொல்லுவியா? நான் சொன்னா நம்ப மாட்டாரு. இரு, அவரையும் லைன்ல எடுக்குறேன்.”

எடுத்தார். அழகுபாண்டி முதலில், “எவன்டா அது” என்றார். நான் நிதானமாகச் சொன்னேன். ரெசின் என்றால் பசை மாதிரி என்றேன். மட்டமான மெழுகுவர்த்தி வெயிலில் தானாக வளைவதைச் சொன்னேன். உங்கள் மச்சான் எங்கே நிறுத்தியிருந்தாலும் அது கோணியிருக்கும் என்றேன்.



“ஏலே,” என்றார் அழகுபாண்டி. “லைன்ல இருக்கியா?”

“இருக்கேன் மச்சான்.”

“தங்கச்சி முழங்கால் வலின்னுச்சே, எப்படி இருக்கு?”

“நடக்குது. நீங்கதான் வந்து எட்டிப் பாக்கல.”

“வாரேன்டா. நாளைக்கு வாரேன். கொளம்பு எதும் வைக்கச் சொல்லாத, நான் கறி எடுத்துட்டு வாரேன்.”

முழங்காலிலிருந்து பேச்சு கிணற்று மோட்டாருக்குப் போனது. அங்கிருந்து யாருடைய மகனுக்கோ பெண் பார்ப்பதற்குப் போனது. நான் லைனில் இருப்பதை இருவரும் மறந்துவிட்டார்கள். நோட்டில் இன்னும் நாலு நம்பர் மிச்சம் இருந்தது. இருமல் வந்தது. அவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு, போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.