முழுச் சம்மதத்துடன்

பக்கவாதம் வந்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. கண்டக்டருக்கு மிஞ்சியது இடது கையும் ஒரே ஒரு வார்த்தையும். முப்பத்திரண்டு வருஷம் பஸ் படியில் நின்று சொன்ன வார்த்தை அது. ரைட்.

பசிக்கிறதா என்றால் ரைட். வலிக்கிறதா என்றாலும் ரைட். டாக்டர் பாதத்தில் ஊசியால் குத்தி, "தெரியுதா?" என்று கேட்டபோது ரைட் என்றார். "தெரியலையா?" என்று கேட்டபோதும் ரைட் என்றார். "புத்தி தெளிவாத்தான் இருக்கு. வாய்க்குத்தான் வழி தெரியல," என்றார் டாக்டர். அடுத்தது எப்போது வேண்டுமானாலும் வரலாம், வந்தால் தாங்காது என்பதையும் அதே குரலில் சொன்னார்.

அன்றிலிருந்து தங்கைக்குச் சோறு இறங்கவில்லை.

வீடு அண்ணன் பேரில் இருந்தது. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அவள் இங்கே வந்து இருபத்தாறு வருஷம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போய் இருபத்துநாலு வருஷம். போனவள் போனவள்தான். ஆனால் கோர்ட்டுக்குப் போய் அறுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் கண்ணை மூடினால் வீடு அண்ணிக்கும் பையனுக்கும். தங்கைக்கு ஒரு செங்கல் கிடையாது.

போன வாரம் பையன் வந்தான். கட்டில் பக்கத்தில் ஐந்து நிமிஷம் நின்றான். பிறகு பையிலிருந்து டேப்பை எடுத்து, அவள் தையல் மெஷின் போட்டிருக்கும் முன்னறையை அளந்தான்.

"பன்னெண்டுக்குப் பத்து. ஒரு ஷட்டர் போட்டா செல்போன் கடைக்கு அம்சமா இருக்கும் அத்தை."

"நான் எங்கடா தைக்கறது?"

"உங்களுக்கென்ன அத்தை, மெஷினுக்குச் சக்கரம் இருக்கே. உருட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

அவன் தெருமுனை தாண்டியதும் அவள் பத்திரம் எழுதுபவரிடம் ஓடினாள்.

பத்திரக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "தானப் பத்திரம் போட்டுடலாம். எழுந்திருக்க முடியாதவருன்னா பதிவாளரே வீட்டுக்கு வருவாங்க. அண்ணன் இதைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காரா?"

"'நீ எங்க போகப்போறே, இது உன் வீடுதானே'ம்பாரு."

"எழுதிக் கொடுங்கன்னு நீங்க கேட்டீங்களா?"

கேட்டிருக்கிறாள். மூன்று தடவை. மூன்று தடவையும் "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று பேப்பரை விரித்துக்கொண்டார். சோம்பல் என்று நினைத்தாள். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது.

"இப்ப பேச்சு எப்படி?"

"ரைட்னு மட்டும் வரும்."

பத்திரக்காரர் பேனாவை மூடி வைத்தார். பிறகு சிரித்தார். "அது போதுமேம்மா. 'சம்மதமா'ன்னு கேப்பாங்க. 'ரைட்'டும்பாரு. கைரேகையை வாங்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பாங்க. நீங்க மட்டும் நடுவுல வாயைத் திறக்காதீங்க."

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பதிவாளரம்மா வந்தார். கூடவே பத்திரக்காரரும், ரேகை பதிக்கும் மெஷினோடு ஒரு குமாஸ்தாவும். சாட்சிக்கு மருந்துக்கடைக்காரரும் பக்கத்து வீட்டு வாத்தியாரும். அண்ணனுக்கு முகம் மழித்து, இரண்டு தலையணை கொடுத்துச் சாய்த்து வைத்திருந்தாள். வலது கை மடங்காது என்பதால் சட்டையின் ஒரு பக்கத்தைப் பிரித்து நாடா வைத்துத் தைத்திருந்தாள். பார்த்தால் தெரியாது.

பதிவாளரம்மா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு பத்திரத்தை உரக்கப் படித்தார். நான்கு எல்லையும் படித்தார். மேற்கே தன் வீடு வந்தபோது வாத்தியார் தலையாட்டினார்.

"ஐயா, இந்த வீட்டை உங்க தங்கைக்கு முழுச் சம்மதத்தோட எழுதிக் கொடுக்கறீங்களா?"

"ரைட்."

குமாஸ்தா மெஷினை நீட்டினார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பதிவாளரம்மா கையைக் காட்டிக் குமாஸ்தாவை நிறுத்தினார்.

"யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா?"

"ரைட்."

மருந்துக்கடைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

"மிரட்டினாங்களா?"

"ரைட்."

"நான் எழுந்து போயிடட்டுமா ஐயா?"

"ரைட்."

பதிவாளரம்மா கோப்பை மூடிக்கொண்டு எழுந்தார். "பேச்சுத் தடுமாற்றம்னுதானே டாக்டர் சர்டிபிகேட்ல இருக்கு?" என்று அவளைக் கேட்டார். பத்திரக்காரர் சுவர் காலண்டரில் ஏதோ தேதியைத் தேடிக்கொண்டிருந்தார். "எதைக் கேட்டாலும் ஆமாங்கறவர்கிட்ட ரேகை வாங்கினா நாளைக்குக் கூண்டுல நிக்கறது நான்மா."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், நீங்க இப்படியே போயிட்டா எனக்குத் தெருதான். அவருக்கு எல்லாம் புரியும். கையால சொல்வாரு."

"கையாலன்னா?"

"சோறு ஊட்டறப்போ போதும்னா கட்டில் கம்பியில ஒரு தட்டு. இன்னும் வேணும்னா ரெண்டு தட்டு. பஸ் தகரத்துல தட்டுவாங்களே, அது மாதிரி. ஒண்ணுன்னா நிறுத்து, ரெண்டுன்னா போ."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. சொல்லக்கூடிய பதிலாக இல்லை. ரைட் என்கிற வார்த்தைக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. கைக்குத் தெரியும்.

பதிவாளரம்மா மறுபடி உட்கார்ந்தார்.

"ஐயா, இவங்க உங்க தங்கச்சியா?"

இடது கை எழுந்து கம்பியில் விழுந்தது. இரண்டு தட்டு.

"நீங்க பஸ் டிரைவரா இருந்தீங்களா?"

ஒரே தட்டு. கம்பி அதிர்ந்தது.

"அவரைப் போய் டிரைவர்ங்கறீங்களே மேடம்," என்றார் வாத்தியார். "சர்வீஸ் பூரா டிரைவர்களோட சண்டை போட்ட மனுஷன்."

எல்லோரும் சிரித்தார்கள். கண்டக்டரின் உதடும் இடது பக்கம் கொஞ்சம் ஏறியது. அவளும் சிரித்தாள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

ஒரு தட்டு. பதிவாளரம்மா குறித்துக்கொண்டார்.

"இந்த வீட்டை இவங்களுக்கு எழுதிக் கொடுக்கச் சம்மதமா?"

கை எழுந்தது. ஒரு தட்டு.

அவள் அடுத்ததற்குக் காத்திருந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். கை போர்வைமேல் போய்ப் படுத்துக்கொண்டது.

"அவருக்குச் சரியா கேட்டிருக்காது மேடம்."

பதிவாளரம்மா குனிந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டார். ஒரு தட்டு.

"இன்னும் ஒரே ஒரு தடவை."

பதிவாளரம்மா மாட்டேன் என்று சொல்லவில்லை. மூன்றாவது தடவையும் கேட்டார். அண்ணன் இந்த முறை தங்கையைப் பார்த்துக்கொண்டே தட்டினார். ஒன்று.

'எழுதிக் கொடுப்பவர் மறுத்தார்' என்று பதிவாளரம்மா பத்திரத்தின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்திட்டார். குமாஸ்தா மெஷினைச் சத்தமில்லாமல் பைக்குள் வைத்தார். சாட்சிகள் இரண்டு பேரும் போய்வருகிறேன் என்று சொல்லாமலே போனார்கள். பத்திரக்காரர் மட்டும் வாசலில் நின்று, "நான்தான் வாயைத் திறக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா," என்றார்.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, பதிவாளரம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பையனுக்கா?"

இரண்டு தட்டு.

"அவன் உன்னை ஒரு தடவையாவது புரட்டிப் படுக்க வெச்சிருக்கானா?"

ஒன்று.

"துணி மாத்தியிருக்கானா?"

ஒன்று.

"நான் செஞ்சதெல்லாம் ஞாபகம் இருக்கா?"

இரண்டு. மெதுவாக, இடைவெளி விட்டு.

"கைக்குழந்தையில விட்டுட்டோமேன்னு கொடுக்கறியா?"

கை கம்பிமேலேயே கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு இரண்டு.

"அவன் என்னை வெளிய அனுப்பிடுவான். அது தெரியுமா உனக்கு?"

இரண்டு.

பொய் சொல்லவில்லை. ஒன்றுகூடப் பொய்யில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ நான் எங்கேண்ணா போறது?"

கை எழுந்தது. கம்பிக்கு ஒரு சாண் மேலே போய் நின்றது. கீழே இறங்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. வலிக்குமே என்று அவள்தான் அதைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தாள்.