நாலரை மணி நேரம்

எங்கள் டயாலிசிஸ் பிரிவில் ஆறு மிஷின். 2006-இல் ஒரு மருத்துவ ஆய்வில் எங்களையும் சேர்த்தார்கள். புது மருந்து, தனி அறை எதுவும் கிடையாது. வழக்கமான வேலைதான், நேரம் மட்டும் மாறும். சில ஊர்களில் நாலு மணி நேரம், சில ஊர்களில் நாலரை. எது நல்லது என்று பார்ப்பார்கள். குலுக்கலில் எங்கள் ஊர் சேந்தமங்கலத்துக்கு நாலரை விழுந்தது.

வந்தது வினை. பூபதி தேவனூர் நாட்டு மலைக்கிராமம் ஒன்றில் மரவள்ளி போடுகிறவர். வாரம் இரண்டு நாள் கொல்லிமலையிலிருந்து இறங்கி வருவார். பத்தரைக்கு ஆரம்பித்தால் இரண்டரைக்கு முடிந்து, மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவார். நாலரை என்றால் பஸ் போய்விடும். அடுத்த பஸ் அவர் ஊர் வரை போகாது; இறங்கி இருட்டில் இரண்டு மைல் காட்டு வழி நடக்க வேண்டும்.

"ஏனுங்க சிஸ்டர், அரை மணி முன்னாடி உட்ருங்க. டயாலிசிஸ் முடிஞ்சு அவ்வளவு தூரம் நடந்தா கண்ணு இருட்டிக்கிட்டு வருதுங்க."

விட்டேன். நோட்டில் மட்டும் நாலரை என்று எழுதினேன். உண்மையை எழுதினால் அவரை ஆய்விலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அவசரபுத்தி ஊரறிந்தது.

மூன்று மாதம் ஓடியது. ஒரு நாள் எங்கள் பிரிவு டாக்டர் ராசப்பன் நோட்டோடு வந்தார்.

"சபீரா, மத்தவங்களுக்கெல்லாம் நாலு இருபது, நாலு நாப்பதுன்னு இருக்கு. பூபதிக்கு மட்டும் இருபத்தாறு தடவையும் சரியா நாலரை. அவர் என்ன கடிகாரமா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"முழு நேரம் மிஷின் தண்ணிய எடுத்தும் கால் வீக்கம் வத்தலையே, தண்ணிய நெறைய குடிக்கறார்னு நெனச்சேன். போன மாசம் உங்க முன்னாடிதான அவரைத் திட்டினேன்? நாலு டம்ளரை ரெண்டாக் கொறச்சேனே."

ஆமாம், குறைத்தார். அதை எழுதிக்கொண்டவளும் நான்தான். சித்திரை வெயிலில் ஒரு மனிதர் நாளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீரில் மரவள்ளிக்குக் களை வெட்டியிருக்கிறார்.

"அவரை ஆய்விலிருந்து எடுத்துருவீங்களா சார்?"

"எதுக்கு எடுக்கணும்? நாம நாலரை குடுக்க நெனச்சோம், பஸ்ஸு நாலுக்குத்தான் உட்டுச்சு. ஊர்ல நெஜமா என்ன நடக்குதுன்னு பாக்கத்தான் இந்த ஆய்வே. உள்ளதை எழுதுங்க. வாரம் மூணு நாள் வர முடியுமான்னு அவரைக் கேளுங்க. வந்தா தண்ணி பழையபடி நாலு டம்ளர்."

இருபத்தாறு இடத்திலும் அடித்துத் திருத்தி, காரணம் பஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த முறை பூபதி வந்ததும், டாக்டருக்கு எல்லாம் தெரிந்துவிட்டதையும் மூன்று நாள் வந்தால் தண்ணீர் நாலு டம்ளர் என்பதையும் சொன்னேன். மூன்று நாளும் வருவதாக ஒப்புக்கொண்டார்.

"டாக்டர் திட்டினப்ப நீங்க ஏன் வாயத் தொறக்கல?" என்று கேட்டேன்.

"எப்புடிங்க தொறக்கறது? எனக்கோசரம்தான மாத்தி எழுதுனீங்க. உங்க வேலை போயிருமில்லீங்க."

"அவ்வளவு தாகத்துக்கு என்ன பண்ணுனீங்க?"

"கொப்புளிச்சுத் துப்பிருவனுங்க. பழகிப்போச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன். அவர் வாங்கினார், குடிக்கவில்லை. டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்த நாலு டம்ளர டாக்டரே எழுதுனாருங்களா, இல்ல நீங்களா?"