எந்த மாற்றத்தால் வந்த பிழை

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரைக்கு என் மடிக்கணினி நான்காவது முறையாகச் செத்தது. செத்தது என்றால், திரை அப்படியே இருக்கும். மவுஸை எவ்வளவு உருட்டினாலும் அம்பு அசையாது. சாக வைத்தது நான்தான், அதுதான் என் தொழில். முப்பது வரியில் ஒரு சின்ன நிரல். அதை ஓட்டத் தனி அனுமதி எதுவும் வேண்டாம். ஒரு கணினியில் கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் ஓட்டி, அதே கணினியை நம்பியிருக்கும் மற்ற அத்தனை பேரையும் முடக்கிப் போடலாம். இயங்குதளத்தின் அடிமடியில், கெர்னலில், ஓட்டை.

அலுவலகத்தில் கழிப்பறைக்கு ஒரே ஒரு சாவி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவர் திருப்பி மாட்ட வேண்டும். கெர்னலுக்குள்ளும் அப்படித்தான், ஒரு பூட்டை எடுத்த நிரல் வேலை முடிந்ததும் அதை விட்டுவிட வேண்டும். இங்கே தவறான அளவு ஒன்றைக் கொடுத்தால், கெர்னல் 'பிழை' என்று சொல்லிவிட்டுப் பாதியிலேயே திரும்பிவிடுகிறது. பூட்டை விடுவதில்லை. பின்னால் வருகிற எல்லாரும் கதவருகே நிற்கிறார்கள், நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

சரிசெய்ய ஒரு வரி போதும் என்று தோன்றியது. எழுதினேன். சிக்கல் அதற்குப் பிறகுதான். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம்: திருத்தம் அனுப்பும்போது, அந்தப் பிழை எந்தப் பழைய மாற்றத்தால் வந்தது, எழுதியவர் யார் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். யாரையும் திட்டுவதற்கல்ல, எந்தெந்தப் பதிப்புகளில் ஓட்டை இருக்கிறது என்று ஊருக்குத் தெரிவதற்கு. பழைய மாற்றங்களைத் தோண்டினேன். ஒன்பது வருடம் பின்னால் போய் நின்றது. எழுதியவர் என் அக்கா.

அக்கா வேலையை விட்டு ஏழு வருடம் ஆகிறது. இரட்டைக் குழந்தைகள், அத்தானுக்கு ஊர்விட்டு ஊர் மாற்றல். நாற்பது இடத்துக்கு விண்ணப்பித்து, முதல் தடவையாக ஒரு நிறுவனம் வியாழக்கிழமை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. காரணம் அந்த மாற்றம்தான். அவள் விண்ணப்பத்தின் முதல் வரியே அதுதான். கூடப்பிறந்த நானே அவள் தலையில் கல்லைப் போட வேண்டும்.

வரியைச் சேர்த்தேன், அழித்தேன், மறுபடி சேர்த்தேன். வெள்ளிக்கிழமை வரை ஆறப்போடலாமா என்றுகூட நினைத்தேன். ஓட்டை தெரிந்தும் பொத்தி வைப்பது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தேதான் நினைத்தேன். கடைசியில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன்.

சோபா முழுக்கத் துவைத்த துணி. நான் மென்று விழுங்கிச் சொல்லி முடிக்கும்வரை அக்கா கையிலிருந்த சட்டையை மடிக்கவில்லை.

"ஓட்டிக் காட்டு," என்றாள்.

காட்டினேன். செத்தது. அவள் முகம் சிவந்துவிட்டது. எனக்குத்தான் அழுகை வந்தது.

"அந்த அளவுச் சோதனை முதல்ல இல்லடா. சரிபார்த்தவர் ஒருத்தர், அளவப் பாக்கலையேன்னு கேட்டார். அவசரத்துல நடுவுல சொருகிட்டேன். மேல பூட்டு எடுத்தது மறந்தே போச்சு."

"அந்த வரி இல்லாம அனுப்பறேன்க்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"அப்புறம் எந்தப் பதிப்புல ஓட்டைன்னு ஊருக்கு எப்படித் தெரியும்? மூடிட்டு வரியப் போடு." சட்டையை என் மடியில் எறிந்தாள். "சரி, உன் திருத்தத்தக் காட்டு."

மடிக்கணினியை மறுபடி கிளப்பி, ஒரே வரிதானே என்ற தெனாவட்டில் காட்டினேன். அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"என்னடா இது? பூட்டு இருக்கற இடத்தையே மேல் வரியில காலி பண்ணியாச்சு. அதுக்கப்புறம் போய்ப் பூட்டை விடற. வீட்ட இடிச்சுட்டுக் கதவத் தேடற மாதிரி இருக்கு. இதப் பிடிச்சுக்கிட்டா, முடக்கறது என்ன, உள்ளயே புகுந்துடுவாங்க. தள்ளு, நானே எழுதறேன்."

என் காது சூடாகிவிட்டது. அவள் சொன்னது சரி. குழந்தைகள் பசி என்று வந்து நின்றபோது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாமாகிட்டக் கேளுங்க," என்றாள். நான் சமையலறையில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் விசைப்பலகை சடசடவென்று ஓடும் சத்தம். ஏழு வருடமாகக் கேட்காத அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

மாலை நான்கு மணிக்குக் கெர்னலின் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பினாள். பிழையைக் கொண்டுவந்தவர் என்ற இடத்திலும் அவள் பெயர், திருத்தியவர் என்ற இடத்திலும் அவள் பெயர். கண்டுபிடித்தவன் என்று கீழே ஒரு ஓரத்தில் நான். புதன்கிழமை திருத்தம் சேர்க்கப்பட்டு, உலகமே படிக்கும்படி வெளியானது.

வியாழக்கிழமை அக்காவை நேர்காணலுக்கு நானே வண்டியில் கொண்டுபோய் விட்டேன்.

"அதப் பத்திக் கேட்டா என்னக்கா சொல்லுவ?"

"கேக்கற வரைக்கும் நான் ஏன் காத்திருக்கணும்?"

வரவேற்பறைக்கு எதிரே கண்ணாடி அறை. உள்ளே மூன்று பேர். வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. அக்கா நாற்காலியில் உட்காரவே இல்லை. பலகையில் ஒரு பெட்டி வரைந்தாள், அதிலிருந்து வெளியேறும் இரண்டு அம்புகள், பூட்டை விடாமல் திரும்புகிற அந்த ஒன்றின்மேல் பெரிய பெருக்கல் குறி. மூவரும் அதையே பார்த்தார்கள். நடுவில் இருந்தவர் எழுந்து போய், இன்னொரு பேனாவை எடுத்து, இப்படியும் வெளியேறலாமே என்பதுபோல் மூன்றாவதாக ஒரு அம்பு போட்டார். அக்கா தலையைச் சாய்த்து அதைப் பார்த்தாள். பிறகு இல்லை என்று தலையசைத்து, சிரித்துக்கொண்டே, அதை உள்ளங்கையால் அழித்தாள்.